சுவாமி வாசலில் புள்ளி போடலாமா?

எங்கள் ஊரின் பெயரில் இருக்கிற கந்தன் ஒரு போட்டியில் தோற்றவன். உலகத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். மயிலேறிச் சுற்றி வந்தான். அதற்குள் தமையனார் பிள்ளையார் தாய் தகப்பனைச் சுற்றிவிட்டு மாம்பழத்தை வாங்கிக்கொண்டார். கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையைப் பழனியில் கும்பிடுகிறோம். நல்லூரில் மகோற்சவ நாட்களுக்குள் மாம்பழத் திருவிழா என்றே ஒன்று நடக்கிறது. கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் பக்கம் வந்தால் எங்கள் ஸ்கந்தபுரத்துக்கும் அவன் பெயர்தான். பழம் கிடைத்தவரை விட்டுவிட்டுக் கிடைக்காதவனின் பெயரை வைத்துக்கொண்ட ஊர்.

சைவசமயம் படிப்பித்த காலம் முழுக்க இந்தக் கதையைச் சின்ன வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கை தூக்கும். "சேர், அது அளாப்பி விளையாட்டு." சுற்றச் சொன்னது உலகத்தை, தாய் தகப்பனைச் சுற்றினால் எப்படிச் சரி? என்னிடம் வழக்கமான விடை இருந்தது: அம்மையப்பனே உலகம். முன்வாங்கில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பின்வாங்கில் இருப்பவன் ஆட்டமாட்டான். விதியை ஓட்டம் முடிந்தபிறகுதான் விளக்கினார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. பிள்ளைகள் இருவரும் ஓடியதால் அந்தக் குடும்பம் பிரியவில்லை. பழத்தை ஒருவர் கையில் கொடுத்ததால் பிரிந்தது.

இதைத் திரும்ப யோசிக்க வைத்தது மேளம். எங்கள் பக்கத்துக் கோயிலொன்றின் பரிபாலன சபையில் எனக்கும் ஒரு கதிரை உண்டு. ஓய்வுபெற்ற வாத்திமாரைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் சுவிஸில் இருக்கிறான். பூங்காவனத் திருவிழாவைத் தன்னுடைய உபயமாக எடுத்திருக்கிறான். காசில் குறை வைக்கிறவன் இல்லை. ஆனால் இந்த முறை ஒரு யோசனையோடு வந்தான். நாலு கூட்டம் மேளம் பிடித்து மேளப் போட்டி வைக்க வேண்டும். மூன்று நடுவர். சுருதிக்கு இத்தனை புள்ளி, லயத்துக்கு இத்தனை, ஒழுங்குக்கும் உடைக்கும் இத்தனை. முதலாம் இடத்துக்குக் கிண்ணம். அவனுடைய மகள் அங்கே ஊர்ப் பாண்டில் ட்ரம்பெட் ஊதுகிறாளாம். அந்த நாட்டில் பித்தளை வாத்தியப் போட்டி என்றால் ஊரே பஸ் பிடித்துப் போகுமாம். "எங்கட கலையையும் அப்பிடி உயர்த்த வேணும் சேர்" என்றான். ஆசையில் பிழையில்லை.

சபை இரண்டாகப் பிரிந்தது. ஐயர் நேராகச் சொன்னார்: "சுவாமிக்கு முன்னால என்ன புள்ளி? இது பரீட்சை மண்டபமோ? போட்டி எண்டால் ஆணவம் வரும். ஆணவத்தோட வாசிக்கிறது வழிபாடில்லை." தலைவர் விடவில்லை. சம்பந்தப்பிள்ளையார் மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் செய்யவில்லையா, தில்லையில் ஆண்டவன் காளியோடு எதிர்நின்று ஆடவில்லையா என்று கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐயரின் கட்சி. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சித்தாந்தம் கற்றவர்கள் இவ்வளவு விரைவாக அந்த முடிவுக்கு வரக்கூடாது. ஆணவம் என்கிற மலம் வெளியிலிருந்து வந்து ஒட்டுகிற அழுக்கல்ல. செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியாகவே கூட இருப்பது என்பதுதான் மெய்கண்டார் வழி வந்தவர்களின் கொள்கை. முத்தியில்கூட அது அழிந்துபோவதில்லை, வலிகெட்டுக் கிடக்கிறது என்பார்கள். அப்படியென்றால் போட்டி ஆணவத்தை உண்டாக்கவில்லை. உள்ளே கிடப்பதை வெளியே காட்டுகிறது. எதிராளி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு உருகி வாசிக்கிறவனிடம் அது இல்லையென்று யார் கண்டது? கோயில்களில் காளாஞ்சி யாருக்கு முதலில் என்று நடக்கிற சண்டைகளைப் பார்த்தவன் நான். அதோடு பார்த்தால் தவில்காரரின் ஆணவத்துக்கு எடையே இல்லை.

தலைவரின் கட்சியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் சொன்ன போட்டிகளின் முடிவுகளைப் பாருங்கள். அனல்வாதம் புனல்வாதத்தின் பின்னால் கழுமரம் நிற்கிறது. தில்லைக் காளி தோற்ற பிறகு ஊரின் எல்லைக்குப் போனாள். அதுவும் எப்படித் தோற்றாள்? காலைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் அல்ல, பெண் என்ற நாணத்தால். அதைத் தோல்வி என்று எழுதிக்கொண்டோம். பின்வாங்குப் பிள்ளை இங்கே இருந்தால் இதற்கும் கை தூக்கும்.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. திருவிளையாடலில் விறகு விற்ற படலம். ஏமநாதன் என்கிற பெரிய பாணன் வடக்கேயிருந்து மதுரைக்கு வந்து, பாண்டியனின் பாணபத்திரரைப் போட்டிக்கு அழைக்கிறான். மறுநாள் போட்டி. அன்று இரவு சொக்கநாதர் ஒரு கிழட்டு விறகுகாரனாக வந்து அவன் இருந்த வீட்டுத் திண்ணையில் இருந்து பாடுகிறார். யாரப்பா நீ என்று கேட்டால், பாணபத்திரர் வேண்டாமென்று தள்ளிவிட்ட ஆள் என்கிறார். ஏமநாதன் அந்த இரவே ஊரைவிட்டுப் போய்விடுகிறான். கவனியுங்கள், போட்டி நடக்கவேயில்லை. நடுவர் வரவில்லை, அரசன் தீர்ப்புச் சொல்லவில்லை, புள்ளி இல்லை. தோற்றவனுடைய காதே அவனுக்குத் தீர்ப்புச் சொன்னது. சங்கீதத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவன் என்பதால்தான் அவனால் அந்தத் தீர்ப்பைக் கேட்க முடிந்தது. அரைகுறையாக இருந்தால் மறுநாள் வந்து வாதாடியிருப்பான்.

எங்களுடைய மேளச்சமா இந்தத் திண்ணைக் கதையின் வழியில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். இப்போதைய பிள்ளைகள் அதை அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள். சுவாமி வீதி சுற்றி இருப்பிடம் சேர்ந்தபிறகு கொட்டகையில் இரண்டு கூட்டமோ நாலு கூட்டமோ எதிரெதிரே இருத்துவார்கள். ஒருவர் ராகத்தை எடுத்து ஒரு இடத்தில் விட, மற்றவர் அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போவார். கீர்த்தனை, பல்லவி எல்லாம் ஆனபிறகு தவில். சனம் பாய் தலையணையோடு வந்து காத்திருப்பது இதற்குத்தான். ஆதிதாளம், எட்டு எண்ணிக்கை. ஒருவர் சதுஸ்ரத்தில் ஒரு நீண்ட சுற்று வாசித்து நிறுத்துவார். எதிரில் இருப்பவர் அதை அப்படியே வாங்கி, திஸ்ரத்தில் மடித்துத் திருப்பிக் கொடுப்பார். இவர் கண்டத்துக்குப் போக, அவர் மிஸ்ரத்துக்கு இழுப்பார். சுற்றுகள் குறையும். எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. கடைசியில் எல்லாத் தவிலும் ஒன்றாகச் சேர்ந்து மோரா வைத்து, கோர்வையை மூன்று தரம் வாசித்து எடுப்பில் கொண்டுவந்து போடும். அந்த நேரம் கொட்டகையில் ஒரு சத்தம் எழும்பும். அதுதான் முடிவு. அதற்கு மேல் யாரும் யாருக்கும் ஒன்றும் அறிவிப்பதில்லை.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வன்னிக்கு வந்தவர். திருவிழாவுக்கு மட்டும் எங்களை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார். அப்படிப் போன ஒரு வருடம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. கேட்டேன் என்று சொல்வது பாதிதான் உண்மை, நடுவில் நித்திரையாகிவிட்டேன். விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது, அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார், தகப்பனார் வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்தபடி இருந்த இடத்தில் அப்படியே இருந்தார். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த அந்த மனிதர் 1975இல், நாற்பத்திரண்டு வயதைக்கூடக் காணாமல் போனார். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வரக்காரர்களும் விரும்பி அழைத்த தவில் அது. பிற்காலத்தில் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருது பெற்றது. அந்த விருதுதான் பலருக்கு அவரை அறிமுகம் செய்தது. ஆனால் எந்தச் சமாவில் அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் கேள்வியே விளங்காது. எதிரில் இருந்து வாசித்தவர்களுக்கு விளங்கியிருக்கும்.

சமாவைப் புனிதமாக்கி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொட்டகைக்குப் பின்னால் போத்தல் உடைந்த இரவுகள் உண்டு. எதிராளிக்குத் தெரியாத தாளத்தை வேண்டுமென்று எடுத்து மாட்டிவிட்ட கதைகள் உண்டு. அதைவிட, உண்மையான போட்டி பல தடவை மேடையில் நடக்கவேயில்லை. அது உபயகாரர்களுக்கு இடையில். நேற்றைய திருவிழாக்காரர் நாலு கூட்டம் பிடித்தால் இன்றைய திருவிழாக்காரர் எட்டுக் கூட்டம். அவர் சிகரம் கட்டினால் இவர் அதைவிட உயரமான சிகரம். அவர் வாணவேடிக்கை விட்டால் இவர் விடியும்வரை விடுவார். சின்னமேளம் என்கிற தேவதாசி ஆட்டம் வந்ததும் இந்த ஏட்டிக்குப் போட்டியில்தான். ஆறுமுக நாவலர் கோயில்களில் சின்னமேளத்தை எதிர்த்து எழுதியபோது, தேவதாசிகளைத்தான் கடிந்துகொண்டார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்டத்துக்குக் காசு கொடுத்தவர்கள் யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்தக் கோபத்தின் இலக்கு வேறாகத் தெரியும். மேளக்காரர் இருவர் மோதுவதற்குக் காசு கட்டியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மோதியவர்கள் நிலத்தில் பாயில் இருந்தார்கள். ஆணவத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கதிரையிலிருந்து தொடங்க வேண்டும்.

இனிப் பித்தளை வாத்தியங்களுக்கு வருகிறேன். பெடியனின் யோசனை அங்கிருந்துதானே வந்தது.

என் மகள் இங்கிலாந்தில் ஓல்டம் பக்கம் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, பெந்தகொஸ்தே ஞாயிறுக்குப் பின் வருகிற வெள்ளிக்கிழமை, சாடில்வேர்த் என்ற மலைக்கிராமங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் ஒவ்வொரு தேவாலயத்துச் சனமும் தங்கள் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீதிவலம் வருகிறது. முன்னால் பாண்ட். ஞானப்பாட்டு வாசிக்கிறார்கள். வெயில், சின்னப்பிள்ளைகள், நடக்க முடியாத கிழவிகள், எல்லாம் எங்கள் ஊர் வீதிதான். பின்னேரம் அதே பாண்ட்காரர்கள் பஸ்ஸில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். இப்போது போட்டி. தெருவில் அணிவகுத்து வாசித்தபடி வந்து, ஓரிடத்தில் நின்று ஒரு மார்ச் வாசித்துவிட்டு, அடுத்த கிராமத்துக்கு ஓடுகிறார்கள். இரவு வெகுநேரம்வரை. 1880கள் தொடங்கி நடக்கிற வழக்கம். காலையில் கடவுளுக்கு, பின்னேரம் கிண்ணத்துக்கு. ஒரே வாத்தியம், ஒரே உதடு. ஐயர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை.

நடுவர் எங்கே என்று தேடினேன். காணவில்லை. மேல்மாடி அறை ஒன்றின் மூடிய திரைக்குப் பின்னால் இருந்தார். சில கிராமங்களில் வீதியோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருத்திவிடுவார்களாம். எந்த பாண்ட் வாசிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது. காது மட்டும் வெளியே. அந்த ஏற்பாடு எனக்கு மரியாதையை உண்டாக்கியது. எங்கள் கோயிலில் சுவாமிக்குத் திரை போடுவார்கள். அவர்கள் நடுவருக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் போட்டிகளின் வரலாறும் சுவையானது. 1853 செப்டெம்பரில் மான்செஸ்டரில் பெல் வ்யூ என்ற மிருகக்காட்சிப் பூங்காவில் எட்டு பாண்ட் மோதியபோது 16,000 பேர் வந்தார்களாம். வென்றது மொஸ்லி என்கிற ஊரின் மதுவிலக்குச் சங்கத்து பாண்ட். நான் நின்ற மலைக்கிராமங்களுக்குப் பக்கத்து ஊர்தான் அது. 1860இல் லண்டன் கிரிஸ்டல் பலசில் என்டர்பி ஜாக்சன் என்பவர் பெரிய போட்டி நடத்தினார். அவருடைய கெட்டித்தனம் சங்கீதத்தைவிட ரயிலில் இருந்தது. மலிவு விலையில் உல்லாசப் பயண ரயில்களை ஏற்பாடு செய்து வடக்கிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தார். நெசவாலைக்காரர், நிலக்கரிச் சுரங்கக்காரர், நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து கோர்னெட் ஊதிப் பழகியவர்கள். குவின்ஸ்பெரியின் பிளாக் டைக் ஆலையில் 1855இல் பாண்ட் தொடங்கியது. வாத்தியத்துக்கும் உடுப்புக்கும் காசு முதலாளியுடையது. கதிரையும் பாயும் அங்கேயும் இருந்திருக்கின்றன.

அந்த நாட்டிலேயே போட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள். இரட்சணிய சேனை. 1878இல் சோல்ஸ்பரி ஊரில் சார்ல்ஸ் ஃப்ரை என்ற கட்டடக்காரரும் மூன்று ஆண்மக்களும் தெருப் பிரசங்கத்துக்குக் காவலாக வந்து, தங்கள் பித்தளை வாத்தியங்களையும் கொண்டுவந்து ஊதினார்கள். அதிலிருந்து சேனையின் பாண்ட் உலகம் முழுக்கப் பரவியது. சேனை 1883இல் இலங்கைக்கும் வந்தது. உலகத்தின் மிகச் சிறந்த பித்தளை வாத்தியக்காரர் சிலர் அந்தச் சேனையில் வளர்ந்தவர்கள். ஆனால் போட்டிக்கு அவர்கள் போவதில்லை. தங்களுக்காக எழுதிய இசையை 1992வரை வெளி பாண்ட்களுக்குக் கொடுக்கவுமில்லை. கடவுளுக்கு வைத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை என்ற பிடிவாதம். ஐயருக்கு இதைச் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார். கிறிஸ்தவர்களிடமிருந்து தனக்கு ஆதரவு வரும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்.

(இதிலொரு பகிடி. எங்கள் மேளக்காரர் கச்சேரி முடிவில் வாசிக்கிற இங்கிலீஷ் நோட்டைக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரனின் பாண்ட் மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரம் ஆக்கிய வழியில் வந்தது அது. படைக்கு ஊதினது சுவாமிக்குத் துதியானது. யாரும் தீட்டு என்று சொல்லவில்லை.)

ஆக, மூன்று வழி. இரட்சணிய சேனை போட்டியே வேண்டாம் என்கிறது. சாடில்வேர்த் போட்டியை வைத்துக்கொண்டு நடுவரை மறைக்கிறது. மேளச்சமா போட்டியை வைத்துக்கொண்டு நடுவரையே இல்லாமல் செய்கிறது. என் மனம் மூன்றாவதில் நிற்கிறது. ஊர்ப்பற்று அல்ல காரணம். 1996இல் நான் பார்த்த ஒரு சமா.

1995 ஒக்டோபர் முடிவில் போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பியது. அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தார்கள். மறுவருடம் கிளிநொச்சி நகரமும் எழும்பியது. ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் கடைகள், பாடசாலைகள், கந்தோர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எங்கள் சந்தி ஒரு நகரமானது. ஒரு காணிக்குள் ஐந்து குடும்பம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. அந்த நெருக்கத்துக்குள் ஒரு சின்னக் கோயிலில் திருவிழா செய்ய வேண்டும் என்று சனம் பிடிவாதமாக நின்றது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குள் இரண்டு தவில்காரர் இருந்தார்கள். வேறு வேறு ஊர், ஏதோ ஒரு பழைய சமாவில் ஏற்பட்ட மனத்தாங்கலில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு தவில்தான் மிஞ்சியிருந்தது. மற்றவருடையது வழியில் போய்விட்டது.

கிடுகுக் கொட்டகை, ஒரு பெற்றோமக்ஸ். ஒருவர் ஒரு சுற்று வாசிப்பார். பிறகு வாரைக் கழற்றித் தவிலை மற்றவர் மடிக்கு நகர்த்துவார். விரல் கூடு மட்டும் அவரவருடையது. தோல் இறங்கியிருக்கிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். இழுத்தது காணாது என்று மற்றவர் முகத்தால் சொன்னார். சிரிப்பாக இருந்தது. ஆனால் போகப் போக ஒன்றைக் கண்டேன். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் சும்மா இருக்க முடியாது. தாளம் போட வேறு ஆள் இல்லை. எதிராளிதான் கையால் தாளம் போட வேண்டும். தவறாகப் போட்டால் வாசிப்பவர் விழுவார். ஊரில் இருந்த நாட்களில் எத்தனை பேர் அப்படி ஒருவரையொருவர் விழுத்தினார்கள்! இங்கே விழுத்தவில்லை. கண்டநடையில் கணக்கு இடறுகிற ஓரிடத்தில் தாளம் போட்டவர் கொஞ்சம் உரக்கத் தட்டிக் காட்டினார். வாசித்தவர் பிடித்துக்கொண்டார். விட்டுக்கொடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. அடுத்த சுற்றில் அவரை மடக்கத்தான் இவர் பார்த்தார். முழுப் போட்டி. ஆனால் போட்டி நடப்பதற்கு எதிராளி நின்றுபிடிக்க வேண்டும், அவன் நிற்பதற்குத் தாளத்தை நான் பிடிக்க வேண்டும்.

இறைபணி நிற்றல் என்பதை ஏட்டில் படித்துப் படிப்பித்த எனக்கு அன்றுதான் அது ஒரு வேலையாக, கை செய்கிற வேலையாகத் தெரிந்தது. ஆணவம் அங்கே இல்லாமல் போகவில்லை. நெற்றி நரம்பில் தெரிந்தது. அதைவிடப் பெரிய ஒன்றுக்கு அது கட்டுப்பட்டுக் கிடந்தது. சித்தாந்தி சொல்கிற வலிகெட்ட நிலை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அன்று மூன்று நடுவர் இருந்து புள்ளி போட்டிருந்தால் தாளம் போட்ட கைக்கு எந்த நிரலில் போட்டிருப்பார்கள்?

சாடில்வேர்த் திரைக்கு எதிராக நான் சொல்லக்கூடியதும் இதுதான். அங்கே பாண்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கின்றன. ஒன்று முடிய மற்றது. எதிராளி வாசிக்கும்போது இவர்கள் பஸ்ஸில் இருக்கிறார்கள், அல்லது தங்கள் முறைக்குச் சப்பாத்து மினுக்குகிறார்கள். கேட்கிற ஒரே காது திரைக்குப் பின்னால். மிக நேர்மையான காது, ஆனால் சம்பளத்துக்குக் கேட்கிற காது. நியாயத்தில் அவர்களுடைய முறை எங்களுடையதைவிட மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரில்லாத ஒரு கிராமத்துப் பிள்ளைகளின் பாண்ட், பெயர்பெற்ற ஆலை பாண்டை அங்கே வெல்லலாம். எங்கள் சமாவில் பரம்பரைப் பெயரும் உபயகாரரின் மடியும் இல்லாதவனுக்கு எதிரில் இருக்கப் பாயே கிடையாது.

பாடசாலை பாண்ட் போட்டிகளை நான் எதிர்க்கவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி, வலயப் போட்டி என்று எங்கள் பிள்ளைகள் நீல உடுப்பும் வெள்ளைக் கையுறையும் போட்டு, அணிநடைக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போகும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். அங்கே புள்ளி வேண்டும். படிக்கிற பிள்ளைக்குத் தன் பிழை எழுத்தில் தெரிய வேண்டும். ஒரு முறை தோற்றுவிட்டு வந்த பிள்ளை கேட்டாள்: "சேர், நாங்கள் நல்லா அடிச்சனாங்கள்தானே?" புள்ளித்தாளில் உடைக்குக் குறைத்திருந்தார்கள். சப்பாத்து எல்லோருக்கும் ஒரே நிறத்தில் இல்லையாம். அதற்கு நான் சொல்லக்கூடிய விடை எதுவும் சித்தாந்தத்தில் இல்லை.

சபையில் நான் சொன்னது இவ்வளவுதான்: நாலு கூட்டமும் வரட்டும். எதிரெதிரே இருந்து விடியவிடிய மோதட்டும். நாலு கூட்டத்துக்கும் ஒரே சம்பளம். கிண்ணம் வேண்டாம், நடுவர் வேண்டாம், உபயகாரருக்கு முன்வரிசையில் சாய்மனைக் கதிரை வேண்டாம். ஐயர் பாதி மனதோடு ஒத்துக்கொண்டார். கதிரை விஷயத்தில் தலைவருக்கு வருத்தம். பெடியனிடம் தொலைபேசியில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப ஆர் வெண்டது எண்டு எப்பிடி சேர் தெரியும்?" "தெரியவேண்டிய ஆக்களுக்குத் தெரியும், தம்பி" என்றேன். கிண்ணத்துக்கு வைத்த காசில் அக்கராயன் பக்கப் பிள்ளைகளின் பாண்டுக்கு இரண்டு ட்ரம்பெட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நல்ல பெடியன்.

ஆனால் எல்லாம் எழுதி முடித்தபிறகும் ஒன்று இடிக்கிறது. நாலு கூட்டம் என்று பட்டியல் எழுதியபோது சபையின் இளவட்டம் ஒருவன் கேட்டான்: "பறைமேளம்?" வன்னியில் அம்மனுக்கும் வைரவருக்கும் மடை போடுகிற இடங்களில் பறை இல்லாமல் முடியாது என்கிற சனம் நாங்கள். கோயிலின் பெரிய கொட்டகைக்குள் மட்டும் அதற்குப் பாய் விரிக்கமாட்டோம். பறை அடிக்கிறவர்களும் எதிர்நின்று அடிப்பார்கள், வாங்கிக் கொடுப்பார்கள், அவர்களுக்கும் கணக்கு உண்டு. ஆனால் தகப்பன் அடித்த பறையை மகன் தொடமாட்டேன் என்று சொல்கிற காலம் இது. அடிக்கக் கூப்பிடுகிறவர்கள் குடிக்கத் தேத்தண்ணீரை எந்தக் கோப்பையில் கொடுத்தார்கள் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. அந்த மறுப்பை ஐயர் ஆணவம் என்பாரா? ஒருவனை வரிசைக்கு வெளியே நிறுத்திவிட்டு, சுவாமி வாசலில் போட்டி கூடாது, பெருமை கூடாது என்று அவனுக்குப் போதிப்பது எந்த மலத்தின் வேலை? மலங்களைப் பற்றி இத்தனை நூல் எழுதிய நாங்கள் இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டுக் கேள்வியாக வைத்திருக்கிறோம்.

இதைச் சபையில் சொன்னேன். தலைவர் தண்ணீர்ப்பந்தல் செலவுக்குப் போனார். கூட்ட அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்று நின்றேன். எழுதியிருக்கிறார்கள்: பறைமேளம் தொடர்பாகப் பின்னர் ஆராயப்படும்.